இரும்பு செம்பாகுமா?



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் இம்மாதிரிக் கூட்டங்களுக்குப் புதியதாகத் தோன்றலாம். கல்லிலிருந்து செம்பையும் தங்கத்தையும் எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேசப் போகிறோம். "நம்மிடம் ஏது தங்கம்? நமக்கு ஏன் இந்தப் பேச்சு?" என்று சிலர் நினைக்கக் கூடும். தங்கம் யார் கழுத்தில் தொங்கினாலும், அதை எடுக்கும்போது கிளம்புகிற புகையும் நஞ்சும் உழைப்பவன் நெஞ்சிலும் உழவன் வயலிலுந்தான் வந்து இறங்குகின்றன. ஆகையால் இதைப் பற்றிப் பேச மற்றவர்களைக் காட்டிலும் நமக்கே உரிமை அதிகம் என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் ஒரு வித்தையைச் சொல்லுகிறோம். ரசவாதம் தெரியும் என்று சொல்லிக் கொண்டு திரிகிறவர்கள் செய்து காட்டுவது அது. ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் நீல நிறத் தண்ணீர் வைத்திருப்பார்கள். அதில் ஓர் இரும்பு ஆணியைப் போட்டுச் சற்று நேரம் ஏதோ முணுமுணுப்பார்கள். பிறகு வெளியே எடுத்தால் ஆணி செக்கச் செவேலென்று செம்பாக இருக்கும். "இரும்பைச் செம்பாக்கியவனுக்குச் செம்பைத் தங்கமாக்குவது ஒரு கஷ்டமா? அதற்குக் கொஞ்சம் பணம் மாத்திரம் செலவாகும்" என்று அடுத்த பேச்சு வரும். பணம் போகும், தங்கம் வராது.

இதை வெறும் பொய் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடக் கூடாது. ஏனென்றால் ஆணியின் மேல் படிந்திருப்பது உண்மையான செம்புதான். ஆகவே கண்ணால் கண்டது நிஜம். அதற்குச் சொன்ன காரணந்தான் பொய். உலகத்தில் அநேக ஏமாற்றங்கள் இப்படித்தான் நடக்கின்றன. நடந்த காரியத்தை மறுக்க முடியாதபடி காட்டிவிட்டு, காரணத்தை மாத்திரம் மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள்.

இதில் ஏமாந்தவர்கள் நம் நாட்டார் மாத்திரமல்ல. இப்போது ஸ்லோவாக்கியா நாட்டில் இருக்கும் ஹெரன்குரண்டு என்னும் சுரங்க ஊரில், 17, 18-வது நூற்றாண்டுகளில் சுரங்கத்து நீலத் தண்ணீரில் இரும்பைப் போட்டுக் கிடைத்த செம்பினால் கிண்ணங்கள் செய்து விற்றார்கள். முன்னே இரும்பாக இருந்தது தண்ணீரால் செம்பாக மாறிற்று என்று அந்தக் கிண்ணங்களின் மேல் எழுதியும் வைத்தார்கள். சீன தேசத்திலோ, சுங் வமிச அரசர்கள் காலத்தில், சுமார் 11-வது நூற்றாண்டு முதற்கொண்டே இதே முறையில் சர்க்கார் பெருவாரியாகச் செம்பு எடுத்தது. காரணம் தெரியாமலும் காரியம் நடக்கும். ஆனால் காரணம் தெரியாதவனை யாரும் ஏமாற்றலாம்.

காரணம் என்ன? அந்த நீலத் தண்ணீர் வேறொன்றுமல்ல, மயில்துத்தம் கரைத்த தண்ணீர். மயில்துத்தம் தோட்டக்காரர்களுக்குத் தெரியும். சுண்ணாம்போடு கலந்து பயிர் நோய்க்குத் தெளிக்கிறார்கள். செம்பு கந்தகத் திராவகத்தோடு சேர்ந்து உண்டானதே மயில்துத்தம். அந்தத் திராவகத்தோடு சேருவதில் செம்பை விட இரும்புக்கு வேகம் அதிகம். ஆகவே ஆணியைப் போட்டவுடன் இரும்பு கரைந்து தண்ணீருக்குள் போகிறது. செம்பு தண்ணீரை விட்டு வெளியே வந்து ஆணியின் மேல் உட்காருகிறது. ஒருவர் எழுந்த இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

"நீங்கள் சொல்வதை மாத்திரம் ஏன் நம்ப வேண்டும்?" என்று கேட்பீர்களானால், நம்ப வேண்டாம், நீங்களே நிறுத்துப் பாருங்கள் என்றுதான் சொல்லுவோம். போடுவதற்கு முன் இரும்பை நிறுத்துக் கொள்ளுங்கள். பிறகு செம்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் இரும்பை நிறுத்துப் பாருங்கள். இரும்பு குறைந்திருக்கும். தண்ணீரின் நீலமும் மங்கி வெளிர் பச்சையாகி இருக்கும். கணக்குப்படி 56 பலம் இரும்பு கரைந்தால் 63½ பலம் செம்பு வெளியே வரும். தண்ணீரில் செம்பு தீர்ந்து போன பிறகு எத்தனை ஆணி போட்டாலும், எவ்வளவு முணுமுணுத்தாலும் ஒரு துளி செம்பும் வராது. ஒரு எச்சரிக்கை: மயில்துத்தம் விஷம். சமையல் பாத்திரத்தில் இந்தச் சோதனை செய்ய வேண்டாம். குழந்தைகள் கையில் படும்படி வைக்கவும் வேண்டாம்.

நிற்க. சுரங்கத்துக்குள் யாரும் மயில்துத்தம் கொண்டு போய்க் கொட்டவில்லையே, அங்கே நீலத் தண்ணீர் எப்படி வந்தது? இந்தக் கேள்விதான் நம்மை முக்கியமான விஷயத்திற்குக் கொண்டு போகிறது.

பூமிக்குள் செம்பு பெரும்பாலும் தனியாகக் கிடப்பதில்லை. கந்தகத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. அப்படிப்பட்ட கற்களில் மிகுதியாகக் கிடைப்பது சால்கோபைரைட்டு என்பது. பித்தளை நிறமாக இருக்கும்; அதில் செம்பு, இரும்பு, கந்தகம் மூன்றும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீதம் இருக்கும். அதன் கூடவே பைரைட்டு என்னும் இரும்புக் கந்தகக் கல்லும் கிடைக்கும். பார்வைக்குத் தங்கம் போல் மின்னி எத்தனையோ பேரை ஏமாற்றிய கல் அது. இந்தக் கற்கள் பூமிக்குள் காற்றுப்படாமல் கிடக்கும் வரை சாதுவாகக் கிடக்கும். வெட்டி வெளியே போட்டுக் காற்றும் மழையும் பட்டுவிட்டால், பைரைட்டிலுள்ள கந்தகம் பிராணவாயுவோடு சேர்ந்து கந்தகத் திராவகம் ஆகிறது. இரும்பும் கரைகிறது. கரைந்த இரும்பு மேலும் பிராணவாயு பெற்று, செம்புக் கல்லைத் தின்று கரைக்கும் சக்தியை அடைகிறது. இப்படிக் கரைந்த செம்புதான் நீலத் தண்ணீர். அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை. காற்றும் தண்ணீருமே உலோகத்தைக் கல்லிலிருந்து பிரித்துவிடுகின்றன.

எல்லாச் செம்புக் கல்லும் ஒன்று போலக் கரைந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. சால்கோசைட்டு என்னும் கருநிறக் கல் சீக்கிரம் கரையும். சால்கோபைரைட்டோ, கரையத் தொடங்கியதும் தன் மேல் மெல்லிய தோல் ஒன்றை உண்டாக்கிக் கொண்டு, தண்ணீரை உள்ளே விடாமல் அடம் பிடிக்கும். மாதக் கணக்காய், வருஷக் கணக்காய்ப் பொறுத்திருக்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாமையினால் வந்த கேட்டைத்தான் இனிச் சொல்லப் போகிறோம்.

ஸ்பெயின் தேசத்தின் தெற்கே உவெல்வா மாகாணத்தில் ரியோ டிண்டோ என்று ஓர் ஆறு இருக்கிறது. சாயமேறிய ஆறு என்று அதற்கு அர்த்தம். கரைந்த இரும்பினால் தண்ணீர் சிவந்தும், திராவகத்தால் புளித்தும் ஓடுகிறது. ரோமாபுரிக்காரர்கள் காலத்திலும் அதற்கு முன்னும் அங்கே சுரங்கம் வெட்டினார்கள். 1873-ம் ஆண்டு இங்கிலாந்து முதலாளிகள் ஒரு கம்பெனி ஏற்படுத்தி ஸ்பெயின் சர்க்காரிடமிருந்து அந்தச் சுரங்கங்களை விலைக்கு வாங்கினார்கள்.

தண்ணீரால் செம்பு கரையும் என்பதும், இரும்பைப் போட்டால் அது வெளியே வரும் என்பதும் அந்த இடத்தில் 18-வது நூற்றாண்டிலேயே தெரிந்த சங்கதி. ஆனால் தானாகக் கரைவதற்கு நாள் பிடிக்கும். நெருப்பு வைத்துச் சுட்டால், கல்லிலுள்ள செம்பு தண்ணீரில் சுலபமாகக் கரையும் உப்பாக மாறிவிடும். ஆகையால் கம்பெனியார் கல்லை வெட்டவெளியில் போர் போராகக் குவித்து, அடியில் நெருப்பு வைத்து மாதக் கணக்காகப் புகைய விட்டார்கள். கந்தகம் எரிந்த புகை சுற்றிலும் பல மைல் தூரம் பரவிற்று. நெருப்புக் குச்சி கிழிக்கும்போது மூக்கில் ஏறுகிற அந்தக் காரமான நெடியை நினைத்துக் கொள்ளுங்கள். அதை இரவும் பகலும் ஓர் ஊரே சுவாசிப்பதாக நினைத்துப் பாருங்கள்.

காற்று இல்லாத நாட்களில் புகை ஊரின் மேல் போர்வை போல் கவிந்துவிடும். எதிரே வரும் ஆள் தெரியாது. வேலை நின்றுவிடும். அந்த நாட்களுக்குக் கம்பெனியார் கொடுத்தது அரைக் கூலி. புகையை உண்டாக்கியவர் கம்பெனியார். அதை விழுங்கியவன் தொழிலாளி. கூலி குறைந்ததும் தொழிலாளிக்கே. பக்கத்துக் கிராமங்களிலோ பயிரும் மரங்களும் பட்டுப்போயின.

கடைசியில் உழுகிறவனும் சுரங்கத்தில் வெட்டுகிறவனும் ஒன்று சேர்ந்தார்கள். 1888-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 4-ந்தேதி, பெண்களும் குழந்தைகளும் உட்பட ஆயிரக்கணக்கான ஜனங்கள் ரியோ டிண்டோ ஊர்ச்சபைக் கட்டடத்தின் முன் கூடினார்கள். திறந்தவெளிச் சூளைகளை நிறுத்த வேண்டும் என்றும், அரைக் கூலியை ஒழிக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில் பட்டாளத்தின் துப்பாக்கிக் குண்டு. சர்க்கார் கணக்கில் மாண்டவர் 13 பேர். ஊரார் சொல்லி வருவது நூற்றுக்கு மேல். அந்த வருஷத்தை இன்றும் அவ்வூரார் துப்பாக்கி சுட்ட வருஷம் என்றே சொல்லுகிறார்கள். அதே மாதக் கடைசியில் சர்க்கார் திறந்தவெளிச் சூளைகளைத் தடுத்து உத்தரவு போட்டது. பிறகு மூன்று வருஷத்திற்குள் அந்த உத்தரவையே விலக்கிக் கொண்டது! 20-வது நூற்றாண்டின் முதற் பத்து ஆண்டுகளில்தான் அந்தச் சூளைகள் ஒழிந்தன. கல்லைச் சுடாமலே குவித்துத் தண்ணீர் விட்டுக் கரைக்கும் முறை அங்கே நிலைத்தது.

தோழர்களே, இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த ஜனங்களிடம், "செம்பு வேண்டுமானால் புகையும் இருந்தே தீரும், இது தொழிலின் விதி" என்று சொல்லி வந்தார்கள். அது விதியாக இருந்திருந்தால், பின்னால் சூளையில்லாமல் செம்பு வந்தது எப்படி? அது விதியல்ல, அவசரம். சீக்கிரம் காசாக்க வேண்டும் என்ற அவசரத்திற்கு விதி என்று பெயர் வைத்தார்கள். ரசவாதக்காரன் ஆணிக்குப் பொய்க் காரணம் சொன்னான். கம்பெனியார் புகைக்குப் பொய்க் காரணம் சொன்னார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஏமாந்தவர்களுடைய எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

காற்றும் தண்ணீரும் மாத்திரமே கல்லைக் கரைக்கின்றன என்று வெகு காலம் எண்ணியிருந்தார்கள். 1947-ம் ஆண்டில் அமெரிக்காவில் கோல்மர், ஹிங்கிள் என்ற இருவர், நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வரும் புளித்த தண்ணீரைச் சோதித்து, அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வாழ்வதையும், அவை இந்த வேலையில் பங்கு கொள்வதையும் வெளியிட்டார்கள். நாம் சோறு தின்று உயிர் வாழ்வது போல அவை கரைந்த இரும்பையும் கந்தகத்தையும் பிராணவாயுவோடு சேர்த்து, அதில் கிடைக்கும் சக்தியால் வாழ்கின்றன. மற்ற உயிர்களைக் கொல்லும் திராவகம் அவற்றுக்குச் சொந்த வீடு. புளித்த தண்ணீரில் இரும்பு தானாகப் பிராணவாயு ஏற்கும் வேகத்தைக் காட்டிலும், இந்த நுண்ணுயிர்கள் இருந்தால் பத்து லட்சம் மடங்கு வரை வேகம் அதிகமாகும் என்று பின்னால் கணக்கிட்டிருக்கிறார்கள். பழைய இரும்புக்குப் பதிலாக, ஒருவகை எண்ணெயால் செம்பைப் பிரித்து மின்சாரத்தால் தகடாக்கும் முறையும் 1968-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் தொழிலாக ஆரம்பமாயிற்று.

இனித் தங்கத்திற்கு வருவோம். தங்கம் கந்தகத்தோடு சேராது. ஆனாலும் கந்தகக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத பொடியாகச் சிறைப்பட்டுக் கிடக்கும். தங்கத்தைக் கரைக்கச் சயனைடு முறையை 1887-ல் ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் மக்கார்தரும், பாரஸ்டு சகோதரர்கள் இருவரும் கண்டுபிடித்தார்கள். ஆயிரம் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு சயனைடு கூட வேண்டியதில்லை; காற்றும் கூட இருந்தால் தங்கம் கரைந்துவிடும். கரைந்த தங்கத்தை வெளியே கொண்டு வரத் துத்தநாகத்தைப் போட்டார்கள். துத்தநாகம் கரைந்து உள்ளே போகும், தங்கம் வெளியே வரும். ஆணியும் செம்பும் செய்த அதே இடமாற்றந்தான் இது.

ஆனால் இரண்டு இடைஞ்சல்கள் உண்டு. கல்லில் செம்பும் சேர்ந்திருந்தால், குறிப்பாகச் சால்கோசைட்டுப் போன்றவை இருந்தால், தங்கத்திற்கென்று விட்ட சயனைடைச் செம்பே தின்று தீர்த்துவிடும். ஆகையால் செம்பை முன்னதாகப் பிரித்துவிட வேண்டும். மற்றொன்று, தங்கம் பைரைட்டுக்குள்ளோ, பாஷாணம் கலந்த கந்தகக் கல்லுக்குள்ளோ சிறைப்பட்டிருந்தால், எவ்வளவு மாவாக அரைத்தாலும் சயனைடு அதைத் தொட முடியாது. சிறைச் சுவரை முதலில் உடைத்தாக வேண்டும்.

இங்கேயும் முதலில் நெருப்பைத்தான் வைத்தார்கள். கனடா தேசத்தின் வடக்கே எல்லோநைப் என்னும் ஊரில் ஜயண்டு என்ற தங்கச் சுரங்கம் இருந்தது. 1949 முதல் 1999 வரை அங்கே கல்லைச் சுட்டார்கள். கந்தகப் புகையோடு வெள்ளைப்பாஷாணமும் கிளம்பிற்று. ஆரம்ப வருஷங்களில் அது தடையில்லாமல் வெளியே போய்ப் பனியின் மேல் படிந்தது. அந்தப் பனியை உருக்கிக் குடித்து வந்தவர்கள் டெனே என்னும் பழங்குடி மக்கள். 1951-ல் அவர்களுடைய குழந்தை ஒன்று அந்த நஞ்சினால் மாண்டது. பிறகு புகையிலிருந்து பாஷாணத் தூளைப் பிடித்துப் பூமிக்கடியிலுள்ள அறைகளில் கொட்டினார்கள். அப்படிக் கொட்டியது 2,37,000 டன். தங்கம் எடுத்தவர்கள் போய்விட்டார்கள். அந்தத் தூள் தண்ணீரில் கரைந்து வெளியேறாதபடி நிலத்தையே உறைய வைத்துக் காக்கும் வேலை பொதுஜனங்கள் பணத்தில் நடக்கிறது.

நெருப்பை விட்டால் வேறு வழியில்லையா என்றால், இருந்தது. 1986-ல் தென்னாப்பிரிக்காவில் பேர்வியூ என்னும் சுரங்கத்தில், மேலே சொன்ன நுண்ணுயிர்களைத் தொட்டிகளில் வளர்த்து, கல்மாவைக் கலந்து, சுமார் 40 டிகிரிச் சூட்டில் காற்று ஊதினார்கள். அவை சில நாட்களில் கந்தகக் கல்லைத் தின்று தங்கத்தைச் சிறை மீட்டன. பாஷாணம் புகையாகப் போகாமல் தண்ணீரிலேயே நின்றது; சுண்ணாம்பு போட்டு இரும்போடு சேர்த்து அதைக் கட்டியாக்கினார்கள். மீந்த திராவகத்தைச் சுண்ணாம்பினால் முறித்த பிறகே சயனைடு விட வேண்டும். புளிப்பு இருக்கும்போது சயனைடு பட்டால் ஆளைக் கொல்லும் வாயு கிளம்பும். ஆகவே இதிலும் ஆபத்து இல்லாமலில்லை. ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறதென்று தெரிந்து அடைத்து வைத்திருக்கும் தொட்டிக்கும், ஊர் முழுவதும் பரவும் புகைக்கும் வித்தியாசம் உண்டல்லவா?

இவ்வளவு நல்ல வேலை செய்யும் காற்றும் தண்ணீரும் நுண்ணுயிரும் யாருக்கும் வேலைக்காரர்கள் அல்ல என்பதையும் மறந்துவிடக் கூடாது. கம்பெனியார் சுரங்கத்தைப் பூட்டி, கணக்கை முடித்துவிட்டுக் கப்பலேறிவிட்டார்கள் என்பது அவற்றுக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தில் மவுண்டு மார்கன் என்று தங்கமும் செம்பும் சேர்ந்து கிடைத்த மலை ஒன்று இருந்தது. 1882-ல் ஆரம்பித்து 1981 வரை சுமார் நூறு வருஷம் வெட்டினார்கள். 200 டன்னுக்கு மேற்பட்ட தங்கமும், 3 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட செம்பும் எடுத்தார்கள். மலை போய்ப் பள்ளம் வந்தது. பள்ளத்தில் புளித்த தண்ணீர் நின்றது. மீந்த கந்தகக் கல்லைக் காற்றும் மழையும் கரைத்துக் கொண்டே இருக்க, டீ என்னும் ஆறு கெட்டது. லாபம் நூறு வருஷத்தோடு முடிந்தது, திராவகம் முடியவில்லை. அதைச் சுண்ணாம்பு போட்டு முறிக்கும் செலவு சர்க்கார் தலையில், அதாவது ஜனங்கள் தலையில் விழுந்தது.

தூர தேசத்துக் கதை என்று இதைத் தள்ள வேண்டாம். கோலார் தங்கவயல் நமக்கு அன்னியமல்ல. தமிழ்நாட்டு ஜில்லாக்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போன நம் மக்கள், பூமிக்குள் சுமார் 2 மைல் ஆழம் வரை இறங்கி அந்தத் தங்கத்தை வெட்டினார்கள். 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந்தேதி சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் எங்கெங்கோ போயிற்று. சயனைடு விட்டுத் தங்கம் எடுத்த பின் கொட்டிய கல்மாவு மாத்திரம் மேடு மேடாக அங்கேயே நிற்கிறது. காற்றுக் காலத்தில் அந்தத் தூசி பறந்து, வெட்டியவர்களுடைய பேரப்பிள்ளைகளின் வீட்டுக்குள் வந்து விழுகிறது. மூக்கு வழியே போகும் கல்தூசி நெஞ்சை அடைப்பதற்கும் தலையெழுத்துத்தான் காரணம் என்று சொல்லி விட்டுவிடுவதா?

தலையெழுத்து என்றால் அதற்குப் பரிகாரம் இல்லை. காரணம் என்று தெரிந்தால் பரிகாரம் உண்டு. கந்தகக் கல் காற்றும் தண்ணீரும் சேர்ந்தால்தான் திராவகம் ஆகிறது. இரண்டில் ஒன்றைத் தடுத்தால் நின்றுவிடுகிறது. மேட்டைக் களிமண்ணால் மூடலாம். காற்றுப் புகாதபடி தண்ணீருக்கடியில் வைக்கலாம். வழிகிற புளிப்பைச் சுண்ணாம்பினால் முறிக்கலாம். பறக்கிற தூசியை மண்ணும் செடியும் கொண்டு அடக்கலாம். இவை ஒன்றும் அதிசயமல்ல. செய்வதற்கு மனமும் பணமும் வேண்டும், அவ்வளவே.

ஆகவே எந்த ஊரிலாவது கல்லை வெட்டி உலோகம் எடுக்க யாராவது வந்தால் அவ்வூரார் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இந்தக் கல்லில் கந்தகம் எவ்வளவு இருக்கிறது, மழை பட்டால் என்ன தண்ணீர் வடியும்? கரைக்கும் மருந்தும் கிளம்பும் புகையும் எங்கே போகும்? நீங்கள் போன பிறகு இந்த மேட்டைக் காப்பதற்கு இன்றைக்கே எவ்வளவு பணம் தனியாகக் கட்டி வைக்கிறீர்கள்? இதற்குப் பதில் சொல்லாமல், "தொழில் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று ஒருவர் சொல்லுவாரானால், அவரும் ஆணியைச் செம்பாக்கிக் காட்டுகிறவரும் ஒரே ஜாதி என்று தெரிந்து கொள்ளுங்கள்.

நாம் சொன்னதை நாம் சொன்னோம் என்பதற்காக ஒப்புக் கொள்ள வேண்டியதில்லை. ஆணியை நிறுத்துப் பாருங்கள். அதற்கு மேல் உங்களுக்குத் தோன்றுகிறபடி செய்யுங்கள்.